வண்டி யார் கையில்

நியூ ஜெர்சியில் நான் போகிற மாடல் ரயில் கிளப்பில் சில வருஷங்களுக்கு முன் ஒரு முடிவெடுக்க வேண்டி வந்தது. வண்டிகளை ஓட்டுகிற கைக்கருவிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்தன. த்ராட்டில் என்றுதான் நாங்கள் சொல்வோம். அதே மாதிரி புதிதாக வாங்குவதா, அவரவர் செல்போனிலேயே ஓட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதா, ஓட்டுகிற வேலையையே கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிடுவதா? கூட்டம் போட்டபோதெல்லாம் மேஜைக்கு வந்தது விலைப்பட்டியல்தான். எனக்கோ, பிடிக்கப்போவது யாருடைய கை, அந்தக் கைக்கு ரயில்வேயில் என்ன வேலை என்று முதலில் கேட்க வேண்டும் போலிருந்தது. இப்படி யோசிக்க வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கான்ரெயில் கம்பெனியில் எஞ்சின் ஓட்டி ஓய்வுபெற்ற கிளப் பெரியவர். இன்னொருவர் என் அப்பா.

எங்கள் லேஅவுட் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்டில் இருக்கிறது. பென்சில்வேனியாவில் ஆல்டூனாவிலிருந்து அலகேனி மலையேறி கேலிட்ஸின் சுரங்கங்களுக்குப் போகும் பாதையை 1:87 அளவில் சுருக்கி அமைத்திருக்கிறோம். அந்தப் பாதையின் பேர்போன இடம் ஹார்ஸ்ஷூ கர்வ். 1854ல் திறந்தது. பள்ளத்தாக்கைச் சுற்றி லாடம்போல வளைந்து, நூறு அடிக்கு இரண்டடிக்குச் சற்றே குறைவான ஏற்றத்தில் பாதை ஏறும். சாலைக்கு இது ஒன்றுமில்லை. நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டிக்கு இது மலை. அதனால் பின்னாலிருந்து தள்ள இன்றும் எஞ்சின் கொடுக்கிறார்கள். ஹெல்ப்பர் என்று பெயர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு எஞ்சின் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்குத் தள்ளுவது புதிதல்ல. ஆல்டூனாவில் முன்னால் இழுக்கவும் எஞ்சின் உண்டு, பின்னால் தள்ளவும் உண்டு. இரண்டு டிரைவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. நடுவில் நூறு பெட்டிகூட இருக்கும். பெரியவர் தன் வேலைக்காலத்தில் பாதியை அந்த ஹெல்ப்பரில் கழித்தவர்.

மாடல் வண்டியில் இந்த வேலையைச் செய்ய ஒரு காலத்தில் வழியே இல்லை. தண்டவாளத்தில் வோல்டேஜ் கூடினால் வண்டி வேகமாகப் போகும், குறைந்தால் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின் நின்றால் இரண்டும் சேர்ந்தேதான் ஓடும். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கொரு சுவிட்ச் வைத்து, பேனல் முன்னால் நின்றுகொண்டு தட்டிக்கொண்டே இருப்பார்களாம். 1980களின் இறுதியில் ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் வேறொரு முறையை வடிவமைத்தது. அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் 1990களின் நடுவில் அதையே பொது நியமமாக ஏற்றுக்கொண்டது. டி.சி.சி. என்பது அதுதான். தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம், சுமார் 14 வோல்ட், இருந்துகொண்டே இருக்கும். அதன் திசை நொடிக்குப் பல ஆயிரம் தடவை புரளும். ஒவ்வொரு புரளலும் 58 மைக்ரோ விநாடி நீடித்தால் அது ஒன்று. 100 மைக்ரோ விநாடியோ அதற்கு மேலோ நீடித்தால் பூஜ்யம். இந்த ஒன்றுகளும் பூஜ்யங்களுமாகத்தான் கட்டளை போகிறது. எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர், தன் எண்ணுக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். எஞ்சினின் பக்கவாட்டில் எழுதியிருக்கிற நான்கு இலக்க எண்ணையே அதன் முகவரியாக வைத்துவிடுவோம்.

ஓட்டுகிறவர் பேனலை விட்டு நகர்ந்து வண்டிகூடவே நடக்க முடிந்தது இதனால்தான். இந்தப் பொழுதுபோக்கில் இதைவிடப் பெரிய மாற்றம் நடந்ததாக நான் நினைக்கவில்லை.

பெரியவர் கம்பி வைத்த பழைய த்ராட்டிலைத்தான் எடுப்பார். லேஅவுட்டின் ஓரப் பலகை நெடுக சாக்கெட்டுகள் இருக்கும்; வண்டி நகர நகர இங்கே பிடுங்கி அங்கே செருகிக்கொண்டு போக வேண்டும். பிடுங்கின நேரத்தில் வண்டி நிற்காது. த்ராட்டில் சொல்வதைக் கேட்டுத் தண்டவாளத்துக்குக் கட்டளை அனுப்புகிற கமாண்ட் ஸ்டேஷன், கடைசியாகக் கேட்ட வேகத்தையே விடாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். கம்பியில்லாத ரேடியோ த்ராட்டில்களும் கிளப்பில் இருந்தன. இளையவர்கள் அவற்றைத்தான் தேடுவார்கள். பெரியவருக்குக் கம்பி ஒரு பொருட்டே இல்லை. அவர் பார்த்தது குமிழை.

குமிழில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று இரண்டு கோடியிலும் முட்டி நிற்பது. இடது கோடியில் முட்டினால் வண்டி நின்றுவிட்டது என்று அர்த்தம். கண் பார்க்காமலே விரல் சொல்லிவிடும். ஓடிக்கொண்டிருக்கிற இன்னொரு வண்டியை அதே த்ராட்டிலில் எடுக்கும்போதுதான் சிக்கல். குமிழ் இருக்கிற இடம் ஒன்றாகவும் வண்டியின் வேகம் வேறாகவும் இருக்கும். தொட்டதும் வண்டி துள்ளும். இன்னொரு ஜாதி முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே போவது. எந்த வண்டியை எடுத்தாலும் அது ஓடுகிற வேகத்திலிருந்து தொடரும், துள்ளாது. ஆனால் பூஜ்யம் எங்கே என்று விரலுக்குத் தெரியாது. நாள் முழுக்க வண்டி மாற்றிக்கொண்டிருக்கிற யார்டுக்கு இது நல்லது. ஒரே வண்டியை மலையேற்றுகிறவருக்கு முட்டி நிற்பதுதான் நல்லது. கடைக்காரர்கள் சொல்லாத இந்த வித்தியாசத்தைப் பெரியவர் எனக்கு மலையடிவாரத்தில் நிற்க வைத்துக் காட்டினார்.

அன்று நாற்பது பெட்டி நிலக்கரி வண்டி. முன் எஞ்சின் என்னிடம், ஹெல்ப்பர் அவரிடம். அவர் எஞ்சினையே பார்க்கவில்லை, கப்ளிங்குகளைப் பார்த்தார். என் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற பெட்டிகளில் கப்ளிங்குகள் இழுபட்டு, நடுவே மயிரிழை இடைவெளி தெரியும். அவர் எஞ்சினுக்கு முன்னால் இருக்கிற பெட்டிகளில் அந்த இடைவெளி மூடி, ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டிருக்கும். இழுப்பு முடிந்து தள்ளல் ஆரம்பிக்கிற இடம் வண்டியின் நடுவில் எங்கேயாவது ஒரு பெட்டியில் இருக்கும். அந்தப் பெட்டியை விரலால் காட்டினார். நான் ஒரு படி வேகம் கூட்டினதும் அந்த இடம் நாலு பெட்டி பின்னுக்குப் போனது. அவர் கையைப் பார்க்காமலே குமிழை லேசாக நகர்த்தினார். பழையபடி நடுவுக்கு வந்துவிட்டது. "அது உன்கிட்ட வந்தா நான் அதிகமா தள்ளறேன்னு அர்த்தம். என்கிட்ட வந்தா நீ அதிகமா இழுக்கிற" என்றார். அதிகம் தள்ளினால் வளைவில் பெட்டிகள் வெளிப்பக்கம் புரளும். அதிகம் இழுத்தால் உள்பக்கம் சாயும். வளைவு முழுக்க அந்த ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் பக்கம் பக்கமாக நடந்தோம். டி.சி.சி.யில் 128 வேகப்படிகள் எதற்கு என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

செல்போன் கட்சிக்கும் நியாயம் நிறைய இருந்தது. ஜே.எம்.ஆர்.ஐ. என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ராஸ்பெரி பை மாதிரி உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரில் அதை ஏற்றி, கமாண்ட் ஸ்டேஷனோடு சேர்த்து, ஒரு வைஃபை ரௌட்டரையும் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும். ஆண்ட்ராய்டில் எஞ்சின் டிரைவர், ஐபோனில் வைத்ராட்டில் என்ற ஆப்கள் அதோடு பேசும். எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். எஞ்சினின் பெயரும் படமும் திரையில் வரும். எஃப் 1 மணி, எஃப் 2 ஹாரன், எஃப் 8 சத்தம் நிறுத்த என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். பொத்தான் மேலேயே எழுதியிருக்கும். அமெரிக்காவில் நவம்பர் மாடல் ரயில் மாதம். அப்போது பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடுவோம். வருகிற பிள்ளைகள் கையில் பழைய த்ராட்டிலைக் கொடுத்தால் அதிலுள்ள பொத்தான்களைப் பார்த்துத் தயங்குவார்கள். போனைக் கொடுத்தால் அரை நிமிஷத்தில் வண்டி நகரும். முதல் தடவையாக ஒரு எஞ்சின் தன் சொல் கேட்டு நகர்வதைப் பார்க்கிற குழந்தையின் முகத்துக்காக எதை வேண்டுமானாலும் வாங்கலாம் என்று அப்போது தோன்றும்.

அதே குழந்தை அடுத்த நிமிஷம் எங்கே பார்க்கிறது என்பதையும் கவனித்திருக்கிறேன். குனிந்து போனைப் பார்க்கிறது. கண்ணாடிக்கு அடியில் இருக்கிற வேகக்கோடு விரலுக்குத் தட்டுப்படாது. கண்தான் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். வண்டி சுரங்கத்துக்குள் போய் வெளியே வருகிற அழகான தருணத்தில் ஓட்டுகிறவரின் தலை கவிழ்ந்திருக்கும். எஞ்சின் டிரைவர் ஆப்பில், போனின் பக்கவாட்டில் இருக்கிற ஒலி கூட்டுகிற பொத்தானையே வேகம் கூட்ட வைத்துக்கொள்ளலாம். அதை எழுதினவர்களுக்கு இந்தத் தொல்லை புரிந்திருக்கிறது. நான் போனில் ஓட்டும்போதெல்லாம் அந்தப் பொத்தான்களைத்தான் நம்புகிறேன்.

ஹாரன் இன்னொரு சங்கதி. அமெரிக்காவில் லெவல் கிராசிங்குக்கு நீளம், நீளம், குறுகல், நீளம் என்று ஊத வேண்டும். கடைசி நீளம் எஞ்சின் சாலையைத் தொடுகிறவரை இழுபட வேண்டும். பெரியவரின் கட்டைவிரல் பொத்தானில் ஊதுகிற ஹாரனைக் கேட்டாலே ஓட்டுவது அவர்தான் என்று அடுத்த அறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கூட்டம் நிறைந்த நாளில், பேஸ்மென்டில் எல்லார் பையிலும் ஒரு போன் வைஃபையைத் தேடிக்கொண்டிருக்கும்போது, அந்தக் குறுகல் ஒன்று சமயத்தில் காணாமல் போய்விடும். போனில் விரலை எடுத்த பிறகும் ஹாரன் ஊதிக்கொண்டே இருந்ததும் உண்டு.

இதைவிட முக்கியமாக ஒன்று இருக்கிறது. கையிலிருந்து தொடர்பு அறுந்தால் வண்டி என்ன செய்ய வேண்டும்? கம்பி த்ராட்டில் பிடுங்கப்பட்டால் வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் என்று சொன்னேன். போன் விஷயம் வேறு. ஆப்பும் மென்பொருளும் சில விநாடிக்கொரு தடவை 'இருக்கிறாயா' என்று கேட்டுக்கொள்ளும்படி வைக்கலாம். பதில் வராவிட்டால் வண்டி நின்றுவிடும். நிற்பதுதானே பாதுகாப்பு என்று நான் வாதாடினேன். நிஜ எஞ்சின்களில் அலெர்ட்டர் இருக்கிறது. டிரைவர் அதற்குப் பதில் கொடுக்காவிட்டால் பிரேக் தானாகப் பிடிக்கும். பெரியவர் அதை மறுக்கவில்லை. "முன்னால இருக்கிற நீ நின்னா சரி. வளைவுல பின்னால தள்ளிக்கிட்டிருக்கிற நான் நின்னா?" என்று கேட்டார். ஹெல்ப்பர் சட்டென்று நின்றால் மொத்த பாரமும் முன் எஞ்சின்மேல் விழும்; வளைவின் நடுவில் இருக்கிற காலிப் பெட்டிகள் உள்பக்கம் சாயும். ஒரே லேஅவுட்டில் ஒரு வேலைக்கு நிற்பது பாதுகாப்பு, இன்னொரு வேலைக்கு ஓடுவது பாதுகாப்பு. அதன் பிறகு மலைமேல் போனை அனுமதிப்பதில்லை என்று கிளப்பில் எழுதாத விதி வந்தது.

அவருக்குப் போன் ஒத்துவராததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. குளிர்காலத்தில் அவர் விரல்நுனிகள் காய்ந்து வெடித்திருக்கும். மூட்டுவலியால் விரல்கள் பாதிதான் நிமிரும். திரையில் தொடுவார், திரை அதைத் தொடுதலாகவே எடுத்துக்கொள்ளாது. அழுத்தித் தேய்ப்பார், வேகம் ஒரேயடியாக ஏறும். மலைப்பாதையில் ஆயிரக்கணக்கான டன்களைத் தள்ளின கை அது. அந்தக் கை ஒரு கண்ணாடித் தகட்டிடம் தோற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கருவி கைக்காகப் பிறக்க வேண்டும் என்பதற்கு இந்தத் துறையிலேயே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. ராக் பாடகர் நீல் யங்கின் மகனுக்குப் பெருமூளை வாதம். கைகளை நினைத்தபடி அசைக்க முடியாது. அவன் ஒரு பெரிய பொத்தானை அழுத்தி வண்டியை ஓட்டும்படி தகப்பன் கருவி செய்தார். அந்த வேலை வளர்ந்து லயனல் கம்பெனியின் கையடக்க ரிமோட் முறையாக 1990களின் நடுவில் கடைக்கு வந்தது. 1995ல் லயனல் கம்பெனியை வாங்கின கூட்டத்தில் அவரும் ஒருவர். லயனலின் பெரிய மூன்று தண்டவாள வண்டிகளை ஹாலின் எந்த மூலையிலிருந்தும் ஓட்டுகிற வசதி எல்லாருக்கும் வந்தது அப்படித்தான். இன்னும் பின்னால் போனால் எம்.ஐ.டி.யின் மாடல் ரயில் கிளப். 1962ல் ஸ்பேஸ்வார் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு அங்கே உருவானபோது, கம்ப்யூட்டரின் முகப்பில் இருக்கிற சுவிட்சுகளைத் தட்டித் தட்டி ஆடுகிறவர்களுக்கு முழங்கை வலித்தது. ஆலன் கோட்டோக்கும் பாப் சாண்டர்ஸும் ரயில் கிளப் அறையில் கிடந்த சாமான்களை வைத்துக் கையில் பிடிக்கிற பெட்டிகள் செய்து கொடுத்தார்கள். இன்று பிள்ளைகள் கையில் இருக்கிற கேம் கன்ட்ரோலரின் மூதாதைகளில் ஒன்று மாடல் ரயில் அறையிலிருந்து போனது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

கம்ப்யூட்டர் கட்சிக்காரர்களில் நானும் ஒருத்தி. பிழைப்பே மென்பொருள் என்பதால் மட்டும் அல்ல. டிகோடரைப் பழக்குவதற்குக் கம்ப்யூட்டரைவிட்டால் வேறு எதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். எண்ணெண்ணாகப் பெட்டிகள் இருக்கும் அதில். மூன்றாவது பெட்டி வேகம் எடுக்கிற நிதானம், நான்காவது வேகம் குறைகிற நிதானம். 29வது பெட்டியில் பல சங்கதிகளைக் கூட்டி ஒரே எண்ணாகப் போட வேண்டும். 38 என்று போட்டால் ஒரு பொருள், 34 என்றால் வேறு. கைக்கருவியின் இரண்டு வரித் திரையில் இதையெல்லாம் செய்கிறவர்களை மதிக்கிறேன், ஆனால் அவர்களுக்கு அந்தப் பாடு தேவையில்லை. ஜே.எம்.ஆர்.ஐ.யின் டிகோடர்ப்ரோவில் பெட்டிகளுக்குப் பெயர் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது. முன் எஞ்சினையும் ஹெல்ப்பரையும் ஒரே குணத்துக்குக் கொண்டுவருவதை அதில்தான் செய்தோம். அந்த மென்பொருளைத் தொடங்கியவர் பாப் ஜேகப்சன் என்ற இயற்பியலாளர். இலவசமாகக் கொடுத்ததற்காக அவர் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. ஒரு நிறுவனம் தன் பேட்டன்ட்டை அந்த மென்பொருள் மீறுகிறது என்று சொல்லி அவருக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் பில் அனுப்பியது. அவரும் வழக்குப் போட்டார். தன் குழுவின் கோப்புகளை உரிம நிபந்தனைகளை மதிக்காமல் அந்த நிறுவனம் எடுத்துக்கொண்டது என்பதும் அந்த வழக்கில் சேர்ந்தது. இலவச மென்பொருளின் உரிமத்தில் இருக்கிற நிபந்தனைகளும் பதிப்புரிமைச் சட்டத்தின்படி செல்லும் என்று 2008ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மென்பொருள் உலகம் முழுவதும் மேற்கோள் காட்டுகிற தீர்ப்பு, பொம்மை ரயிலிலிருந்து வந்தது.

ஓட்டுகிற வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுப்பது அடுத்த படி. ஹாம்பர்க்கில் 2001ல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்டைப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆயிரத்துக்கு மேற்பட்ட ரயில்களைக் கம்ப்யூட்டர்கள் ஓட்டுகின்றன. நாள் முழுக்க மனிதர்கள் ஓட்டினால் அத்தனை வண்டிகளை அந்த ஒழுங்கோடு ஓட்ட முடியாது. மணிக்கணக்கில் அங்கேயே நின்றேன். கிளப்பில் வளைவோரம் பெரியவரோடு நடக்கிற சந்தோஷம் அதில் இல்லை. அது பார்வையாளரின் சந்தோஷம், அதுவும் பெரிய சந்தோஷம்தான். ஆனால் எங்களுக்கு அது வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். கம்ப்யூட்டருக்கு எங்கள் லேஅவுட்டில் வேறு ஏதோ வேலை இருக்கிறது, என்ன என்றுதான் பிடிபடவில்லை.

அப்பா வந்தார். சிதம்பரத்திலிருந்து ஆறு மாத விசாவில். கடலூருக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் மீட்டர் கேஜ் காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். கிளப்புக்கு அழைத்துப்போய் த்ராட்டிலைக் கையில் கொடுத்தேன். மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"டிரைவர் வேலை நமக்கு வேணாம்மா. ஸ்டேஷன் எங்க இருக்கு?"

ஸ்டேஷன் ஒரு மூலையில் கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. பாதை முழுவதும் கோடுகளாகத் தெரியும்; வண்டி நிற்கிற பகுதி சிவப்பாகும்; மவுஸால் தட்டினால் பாயிண்ட் மாறும், சிக்னல் விழும். கிளப்பில் யாரும் விரும்பி உட்காராத நாற்காலி அது. அப்பா அதில் உட்கார்ந்தார், மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டார், ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டார். நான் ஆல்டூனாவிலிருந்து ஒரு வண்டியைக் கிளப்பினேன்.

"ஏம்மா, அடுத்த ஸ்டேஷன்ல லைன் கிளியர் வாங்கினியா? வாங்காம எப்படி வண்டிய விட்ட?"

அவர் காலத்தில் ஒற்றைப் பாதையின் இரண்டு கோடியிலும் நீல்ஸ் டோக்கன் பெட்டி இருக்கும். இரண்டும் கம்பியால் இணைந்தவை. இந்தப் பக்க மாஸ்டர் மணியடித்துக் கேட்டு, அந்தப் பக்க மாஸ்டர் சம்மதித்தால்தான் ஓர் இரும்பு உருண்டை வெளியே வரும். அது பெட்டிக்குள் திரும்பிப் போகிறவரை இன்னொரு உருண்டை இரண்டு பக்கத்திலும் வராது. அந்த உருண்டையைத் தோல்பையில் போட்டு, பிரம்பு வளையத்தோடு, ஓடுகிற எஞ்சினில் டிரைவர் கைக்குக் கொடுப்பார்கள். உருண்டை கையில் இருந்தால்தான் வண்டி அந்தப் பாதைக்குள் போகலாம். இதைப் பெரியவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் த்ராட்டிலைக் கீழே வைத்துவிட்டு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அப்பாவின் அடுத்த கேள்விதான் கிளப்பை அசைத்தது. ஒரு வண்டி மலையேறிப் போனது. திரையில் கீழ்ப் பகுதி பச்சையாகிவிட்டது.

"கடைசி பெட்டி போயிடுச்சின்னு இந்தக் கம்ப்யூட்டருக்கு யாரு சொன்னா?"

இந்திய ரயில்களில் கடைசிப் பெட்டியின் முதுகில் 'எல்.வி.' என்ற பலகை தொங்கும். ராத்திரியில் சிவப்பு விளக்கு எரியும். ஸ்டேஷன் மாஸ்டர் அதைக் கண்ணால் பார்த்த பிறகே வண்டி முழுதாக வந்துவிட்டது என்று அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லுவார். எங்கள் கம்ப்யூட்டருக்குக் கண் இல்லை. ஒரு பகுதியில் மின்சாரம் செலவானால் அங்கே வண்டி இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். எஞ்சின் மின்சாரம் எடுக்கும். சாதாரண சரக்குப் பெட்டி எடுக்காது. நடுவில் கப்ளிங் விட்டுப்போய்ப் பாதி வண்டி பின்னால் நின்றுவிட்டால், திரை அங்கே பாதை காலி என்றே சொல்லும். பெட்டியின் அச்சில் பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஒட்டினால் துளி மின்சாரம் எடுக்கும், திரையில் தெரியும். எங்களிடம் கார்டு பெட்டிகளில் மட்டும் அது இருந்தது. 1980களுக்குப் பிற்பட்ட காலத்து வண்டிகளை ஓட்டும்போது கார்டு பெட்டியே கிடையாது.

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் சாப்பாட்டு மேஜையில் சக்கரங்கள் பரவிக்கிடந்தன. கடுகளவு ரெசிஸ்டரை இடுக்கியால் எடுத்து, அச்சுக்கும் காப்பிட்ட சக்கரத்துக்கும் நடுவில் பசை வைத்து உட்காரவைத்து, இரண்டு முனையிலும் மின்கடத்தும் பெயிண்டைத் தொட்டு வைப்பது என் வேலை. பூதக்கண்ணாடியோடு மீட்டரை வைத்துச் சரிபார்த்து, தேறினதை ஒரு டப்பாவிலும் தேறாததை இன்னொன்றிலும் போடுவது அப்பா வேலை. பெட்டி எண், தேதி, கையெழுத்து என்று அதற்கும் ஒரு ரெஜிஸ்டர் போட்டார்.

கம்ப்யூட்டருக்கு என்ன வேலை என்று எனக்குப் பிடிபட்டது அந்த மேஜையில்தான். அதை எஞ்சினில் ஏற்றக்கூடாது, ஸ்டேஷனில் உட்காரவைக்க வேண்டும். வண்டி எங்கே இருக்கிறது, எந்தப் பாதை காலி, யாருக்கு அனுமதி என்று பார்த்துக்கொள்ளட்டும். போவதும் நிற்பதும் கையின் வேலை.

முடிவு சுலபமாகவே வந்தது. மலைக்குக் குமிழ் வைத்த த்ராட்டில். அதிலும் இப்போது வசதி கூடியிருக்கிறது. போன் ஆப்கள் பேசுகிற அதே வைஃபை பாஷையைப் பேசுகிற, நிஜக் குமிழ் வைத்த கருவிகள் கடையில் கிடைக்கின்றன. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த உறுப்பினர்கள், இலவசமாகக் கிடைக்கிற வடிவமைப்பை வைத்து, சில்லறை விலைச் சிப்பில் தாங்களே செய்துவிடுகிறார்கள். பெரியவருக்கென்று அப்படி ஒன்றைச் செய்து, முப்பரிமாண அச்சில் குமிழை மட்டும் எலுமிச்சம்பழப் பருமனில், விளிம்பில் பள்ளங்களோடு அச்சிட்டுப் பொருத்தினோம். முட்டி நிற்கிற ஜாதிதான். விருந்தினருக்குப் போன், அவர்களுடையது அல்ல, உறுப்பினர்கள் ஒதுக்கின பழைய போன்கள். சிம் கிடையாது, அழைப்பு வராது. ரௌட்டரில் இன்டர்நெட் கிடையாது, அதனால் கூட்டத்தின் போன்கள் அதை நாடி வருவதில்லை.

2020ல் பேஸ்மென்ட் பூட்டிக்கிடந்தது. ஒரே ஒருவர் உள்ளே போய்க் கேமராக்களை வைத்துவிட்டு வர, வீட்டிலிருந்தபடி ஓட்டிப் பார்த்தோம். படம் ஒரு விநாடி தாமதமாக வரும். அந்த ஒரு விநாடியில் கப்ளிங் மோதிவிடுகிறது. தள்ளல் தொடங்குகிற பெட்டி எது என்று தெரிவதற்குள் அது மாறிவிடுகிறது. பெரியவர் சீக்கிரமே விலகிக்கொண்டார். ஸ்டேஷன் மாஸ்டருக்கோ ஒரு விநாடி ஒரு பொருட்டே இல்லை. லைன் கிளியர் கேட்டால் பதில் வர நிஜத்தில் அதைவிட நேரமாகும். ஊர் திரும்பியிருந்த அப்பாவுக்கு வி.பி.என். போட்டுக்கொடுத்தேன். எங்கள் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி, கோடையில் சிதம்பரத்தில் சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரை. நைட் டியூட்டி பார்த்தே பழகினவர், ஐந்து மணிக்கே லாகின் செய்து காத்திருப்பார். பேஸ்மென்ட் திறந்த பிறகும் அந்த நாற்காலி அவருடையதாகவே இருக்கிறது. மலையில் பெரியவர், திரையில் அப்பா, நடுவில் வாக்கிடாக்கியும் வாட்ஸாப்புமாக நான்.

போன வெள்ளிக்கிழமை பெரியவர் ஐம்பது பெட்டி கோத்து, இரண்டு ஹெல்ப்பர் போட்டு ஏறப் போகிறேன் என்றார். அப்பாவிடம் சொன்னேன். பதில் உடனே வந்தது.

"கேலிட்ஸின் லூப்ல நாப்பத்திரண்டுக்கு மேல நிக்காது. எதிர்ல பாசஞ்சர் வருது. அவர்கிட்ட சொல்லு, லைன் கிளியர் கிடையாது."

பெரியவர் எட்டுப் பெட்டிகளைக் கழற்றி யார்டில் விட்டுவிட்டு வந்து, மறுபடியும் கேட்கச் சொன்னார்.